செல்ஃப் டைமரா, ஒயர் ரிமோட்டா? அலைக்கு முன்னால் நின்று பார்த்த கணக்கு

கேமராவைத் தொடாமல் படம் எடுக்க என்னிடம் மூன்று வழிகள் உண்டு. கேமராவுக்குள்ளேயே இருந்து, பொத்தானை அழுத்திச் சில விநாடி கழித்துத் தானே படம் எடுக்கும் செல்ஃப் டைமர், தீப்பெட்டியைவிடச் சின்னதான ஓர் இன்ஃப்ராரெட் ரிமோட், 60 செ.மீ. நீளமுள்ள ஒயர் ரிமோட். கேமரா 2013-இல் வந்த கேனான் 700டி. கடலூரிலும் புதுச்சேரியிலும் மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு, இப்போது பையில் நிரந்தரமாக வைத்திருப்பது ஒயரை. ஆகவே நடுநிலைத் தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ட்ரைபாடில், அதாவது மூன்று கால் தாங்கியில், நிற்கும் கேமராவை விரலால் அழுத்தினால் ஆடும், ஆடினால் படம் கலங்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த ஆட்டத்தை நிறுத்த மட்டும் என்றால் 2 விநாடி செல்ஃப் டைமரே போதும், காசும் கிடையாது. புதுச்சேரி வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்கள், இரவில் அங்குள்ள 1836-ஆம் ஆண்டின் பழைய கலங்கரை விளக்கம், திருப்பாதிரிப்புலியூர் கோபுரம், இவையெல்லாம் எங்கும் ஓடிவிடாது. அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் வேலை முடிந்தது. கேமராவின் உள்கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி வைக்கும் கண்ணாடித் தூக்கலை (மிரர் லாக்கப்) மெனுவில் போட்டுவிட்டு இதே 2 விநாடியைப் பயன்படுத்தினால், உள்ளே கண்ணாடி எழும்பும் அதிர்வும் அடங்கிய பிறகுதான் வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் திறக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டைமரில் எடுக்கும்போது நம் கண் வியூஃபைண்டரில், அதாவது கேமராவின் பின்னால் கண் வைத்துப் பார்க்கும் ஓட்டையில், இருக்காது. அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் புகுந்து கேமரா கணக்கிடும் ஒளி அளவைக் கெடுக்கும். விடியற்காலையில் நமக்குச் சூரியன் கடல் பக்கம், அதாவது முன்னால், ஆகவே தொல்லை இல்லை. மாலையில் அதே இடத்தில் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் வெயில் முதுகுப் பக்கமிருந்து நேராக ஓட்டைக்குள் இறங்கும். கழுத்து வாரில் கோத்திருக்கும் சின்ன ரப்பர் மூடி அதற்குத்தான். நான் ரொம்ப நாள் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

சரி, என் மனம் மாறியது அலையால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு பைக்கை எடுத்துப் புதுச்சேரி போய், கடற்கரைச் சாலையின் கருங்கற்களுக்கு நடுவே ட்ரைபாடை நிறுத்தினேன். அலை ஏறி, கல்லில் மோதி, திரும்பி வடியும்போது தண்ணீர் வெள்ளை வெள்ளையாகக் கோடு இழுக்கும். அரை விநாடி முதல் ஒரு விநாடி வரை ஷட்டர் திறந்திருந்தால் அந்தக் கோடுகள் அழகாகப் பதியும். ஆனால் அலை வடியத் தொடங்கும் அந்த நொடியில் ஷட்டர் திறக்க வேண்டும். முன்னால் திறந்தால் வெறும் நுரை மூட்டம், பின்னால் திறந்தால் வெறும் ஈரக்கல். 2 விநாடி டைமர் என்றால் அலை இன்னும் கல்லைத் தொடாதபோதே நான் பொத்தானை அழுத்தியாக வேண்டும். அது எவ்வளவு தூரம் ஏறும், எப்போது திரும்பும் என்று ஊகிக்க வேண்டும். வங்காள விரிகுடா ஒரே தாளத்தில் அலை அனுப்புவதில்லை. ஒன்று பெரிதாக வந்தால் அடுத்தது பாதியிலேயே அடங்கும். அன்று காலை எடுத்ததில் உருப்படியானவை விரல் விட்டு எண்ணக்கூடியவை, அவையும் குருட்டு அதிர்ஷ்டம்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் இன்னொரு சிக்கல். ஈர மணலில் ட்ரைபாட் கால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொஞ்சம் புதையும். டைமருக்கு ஒவ்வொரு படத்துக்கும் கேமராவைத் தொட வேண்டும். தொடத் தொட அடிவானம் சாயும். ஒயர் ரிமோட்டில் பாதி அழுத்தி ஃபோகஸைப் பிடித்துக்கொண்டு, அலையைக் கண்ணால் பார்த்தபடியே மீதியை அழுத்தலாம். கேமரா பக்கம் கையே போகாது. ஆட்டம் இல்லாமல் இருப்பது ஒன்று, நொடியைத் தேர்ந்தெடுப்பது வேறொன்று. டைமர் முதலாவதை மட்டும்தான் தரும். அப்புறம் 30 விநாடிக்கு மேல் திறந்து வைக்க பல்ப் மோடு வேண்டும், பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் முறை அது. அப்போது ஒயர் ரிமோட்டின் பொத்தானை முன்னே தள்ளிப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இன்ஃப்ராரெட் ரிமோட்டில் ஒயர் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். அதைப் பார்க்கும் கண் கேமராவின் முன்பக்கப் பிடியில் இருக்கிறது, நானோ பின்னால் நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும் கையை முன்னால் வளைத்து நீட்ட வேண்டும். உதிக்கும் சூரியன் நேராக அந்தக் கண்ணிலேயே அடிக்கும்போது எனக்குப் பல தடவை வேலை செய்யவில்லை. ஆனால் வீட்டு விசேஷத்தில் அதை அடிக்க ஆளில்லை. தங்கை மகன் காதுகுத்தில் 10 விநாடி டைமர் வைத்து வேட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஓட, "எத்தனை தடவைப்பா ஓடுவ, உக்காரு" என்று அத்தை சொல்லியேவிட்டார். இன்ஃப்ராரெட் ரிமோட் என்றால் ஓட வேண்டியதில்லை, அதில் 2 விநாடித் தாமதமும் உண்டு. அழுத்திவிட்டுக் கையை மறைத்துக்கொள்ள அது போதும்.

போன் செயலி வழியாக எடுப்பதும் இருக்கிறது. 700டியில் வைஃபை கிடையாது. நண்பரின் புதிய கேமராவில் இரண்டு தடவை முயன்றேன், படம் தெரிய ஒரு துளி தாமதமானதாகப் பட்டது. இரண்டே தடவை என்பதால் அதை வைத்து மட்டம் தட்டமாட்டேன்.

ஒயருக்கு உப்புக்காற்றுதான் எதிரி. வீடு வந்ததும் பிளக்கை உலர்ந்த துணியால் துடைத்து, கேமராவின் ரப்பர் கதவை மூடுங்கள். சோம்பலில் இரண்டு வாரம் விட்டதில் என் முதல் ஒயர் பச்சை பூத்துப் போனது. சில நூறு ரூபாய்தான், ஆனாலும் வயிறு எரிந்தது.

வாங்கப் போகும்போது கேமராவைக் கையோடு எடுத்துப் போங்கள். என்னுடையதில் 2.5 மி.மீ. சின்ன பிளக், கேனானின் பெரிய கேமராக்கள் பலவற்றில் மூன்று ஊசிப் பிளக், நிக்கானில் வேறு. நண்பரிடம் இரவல் வாங்கலாம் என்று நினைத்தால் பெரும்பாலும் பொருந்தாது.