சத்து மாத்திரை போட்டா வலி மாத்திரை வயித்த கெடுக்காதா? ரெண்டு வருச அனுபவம்

நீடாமங்கலத்துலேர்ந்து மச்சான் நேத்து போன் பண்ணாரு. ஒடம்பு வலின்னு போனா மெடிக்கல்ல ஒரே பொட்டலமா கட்டிக் குடுக்குற செட்டு மாத்திரையில சத்து கேப்சூலும் இருக்கே, அதையும் சேத்து முழுங்கிட்டா வலி மாத்திரை வயித்த ஒண்ணும் பண்ணாதாமேன்னு கேட்டாரு. நான் ரெண்டு வருசம் அப்புடி நம்பித்தான் போட்டேன், அதான் எழுதுறேன்.

குறுவை நடவு, சம்பா நடவு, அறுப்புன்னு இடுப்பு விட்டுப்போற நாளெல்லாம் அசிக்ளோஃபெனாக் 100 பாராசிட்டமால் 325 சேந்த வலி மாத்திரை, கூட இரும்புச்சத்து கலந்த வைட்டமின் கேப்சூல். கேப்சூல கொற சொல்ல மாட்டேன், மாசத்துக்கு ரெண்டு தடவ வர்ற வாய்ப்புண்ணு அதுக்கப்பறம் வரவே இல்ல.

எனக்கு ஆறாத கோவம் அந்தக் கறுப்பு மேலதான். இரும்பு சாப்டா வெளிக்கி கறுப்பாத்தான் போகும்னு கடையிலயே சொல்லிக் குடுத்தாங்க, அதனால போன ஐப்பசியில தார் மாதிரி ஒட்டிக்கிட்டு கெட்ட வாடையோட போனப்பவும் கேப்சூல்தான்னு இருந்துட்டேன், வரப்புல நாலு எட்டு வச்சாலே மூச்சு வாங்குச்சு, கடைசில மோட்டார் கொட்டகையில தல சுத்தி விழுந்தேன். தஞ்சாவூர்ல டியூப் விட்டுப் பாத்தா எரப்பையில புண்ணு, ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ஹீமோகுளோபின் 7. அது இரும்போட கறுப்பு இல்ல, என் ரத்தம்.

டாக்டர் பொறுமையா சொன்னாரு. ஒடம்புல வலிய தூண்டுற புரோஸ்டாகிளாண்டின்தான் எரப்பைச் சுவர காக்குற வழவழப்பையும் சுரக்க வைக்குதாம், வலி மாத்திரை அதோட உற்பத்தியயே கொறச்சிடுது, ஊசியா போட்டாலும் அதே கததான். பி காம்ப்ளக்ஸோ இரும்போ அந்த எடத்துக்கு வராது. ஆஸ்பிரினோட வைட்டமின் சி சேத்தா வயித்துப் புண்ணு கொஞ்சம் கொறையுதுன்னு சின்ன சின்ன ஆராய்ச்சி இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா நான் போட்டது ஆஸ்பிரினும் இல்ல, அத நம்பி மாசக்கணக்கா முழுங்கவும் முடியாது. வெயில்ல தண்ணி குடிக்காம வேல பாத்துட்டு போட்டா கிட்னியும் அடிவாங்குமாம்.

இப்ப வலி மாத்திரை நிறுத்தியாச்சு, காலையில வெறும் வயித்துல அமிலத்த கொறைக்குற பான்டாப்ரசோல் மாத்திரை. ரத்தம் ஏற மறுபடியும் இரும்பு மாத்திரைதான் எழுதிக் குடுத்திருக்காங்க, மூணே மாசத்துல 11க்கு வந்துட்டேன், நல்ல மருந்துதான் அது. ஆனா மச்சான், வலி மாத்திரையோட ஒரே பொட்டலத்துல அத யாரு குடுத்தாலும் வாங்காதீங்க. எனக்கு இன்னிக்கும் காலையில கறுப்பாத்தான் போகுது, ஒவ்வொரு நாளும் வாடை வருதா, ஒட்டுதான்னு பாத்துட்டுத்தான் வெளில வர்றேன்.