24 வோல்ட் ரிட்டர்ன் பம்ப், ஒரு இஞ்ச் குழாய்: எட்டு மாதம் ஓடிய பிறகு

நங்கநல்லூர் வீட்டு ஹாலில் நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கிளவுன் மீன், ஒரு கிளீனர் இறால், மற்றபடி சோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் என்ற மென்பவளங்கள். கல் பவளம் கிடையாது. அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யாராவது மலிவாகத் தருகிறேன் என்று நீட்டினாலும் தொடாதீர்கள்.

தொட்டியிலிருந்து வடியும் தண்ணீர் கீழே கேபினெட்டுக்குள் இருக்கும் சம்ப் என்ற சின்னத் தொட்டிக்கு வரும். அங்கிருந்து அதைத் திரும்ப மேலே தள்ளும் பழைய ரிட்டர்ன் பம்ப் ஐந்து வருடம் உழைத்தது. 65 வாட், பெட்டியில் மணிக்கு 3,000 லிட்டர் என்று போட்டிருந்தது. அது உறுமத் தொடங்கியதும் ஹாலில் படுக்கும் அம்மா, "அந்த லாரியை ஆஃப் பண்ணிட்டுப் படுடா" என்று சொல்ல ஆரம்பித்தார். உடனே 24 வோல்ட் டிசி பம்ப் ஒன்றை 8,500 ரூபாய்க்கு ஆர்டர் செய்தேன். மணிக்கு 5,000 லிட்டர், 40 வாட் என்றது பெட்டி.

அது வந்து சேருவதற்குள் ஒரு வேலை செய்து பார்த்தேன். மேலே தண்ணீர் விழும் இடத்தில் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடித்தேன். நிரம்ப முழுதாக ஒரு நிமிடம் ஆனது. அதாவது மணிக்கு 1,200 லிட்டர். மீதி 1,800 எங்கே போனது? முக்கால் இஞ்ச் ஹோஸைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் கீறினேன். உள்ளே பழுப்பு நிறத்தில் வழவழவென்று பாசி, அதற்கடியில் சிப்பி ஓடு மாதிரி சுண்ணாம்பு. பம்ப்பில் செருகும் முனையில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

சரி, முதலில் குழாயை மாற்றலாம் என்று தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ஒரு இஞ்ச் யுபிவிசி பைப், தொட்டிச் சுவர் வழியாகக் குழாயை விட டேங்க் நிப்பிள், யூனியன் எல்லாம் கிடைத்தன. சம்ப்புக்கு இறங்கும் வடிகுழாய்க்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி அளவு வைக்கக்கூடிய கேட் வால்வு கேட்டேன். "பிளாஸ்டிக்ல பால் வால்வுதான் சார் இருக்கு. கேட் வால்வுன்னா பித்தளை. வாழ்நாள் பூரா உழைக்கும்" என்று எடுத்து வைத்தார். வால்வு உழைக்கும், என் இறால் உழைக்காது. பித்தளையில் இருக்கும் செம்பு உப்புத் தண்ணீரில் கொஞ்சம் கசிந்தாலே இறாலும் பவளமும் தாங்காது. பால் வால்வையே வாங்கிக்கொண்டேன். சொல்யூஷன் டப்பாவையும் பார்த்து வாங்குங்கள்; சிபிவிசிக்கு உள்ளது வேறு, யுபிவிசிக்கு உள்ளது வேறு. எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய்.

பழைய பாதையில் மூன்று எல்போ இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு 45 டிகிரி வளைவுகள் இரண்டு வைத்தேன். பம்ப்புக்கு மேலே ஒரு யூனியன், சுத்தம் செய்யக் கையால் திருகிக் கழற்ற. சொல்யூஷன் ஒரு முழுநாள் காய்ந்த பிறகு, சும்மா பார்ப்போமே என்று பழைய லாரியையே புதுக் குழாயில் மாட்டினேன். பக்கெட் 38 நொடியில் நிரம்பியது. மணிக்கு ஏறக்குறைய 1,900 லிட்டர்! பெட்டி பிரிக்காத 8,500 ரூபாய் பம்ப் மேசையில் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் ஏன் அதைத் திருப்பி அனுப்பவில்லை? சத்தமும் கரண்டும்தான் காரணம். புது பம்ப்பை 70 சதவீத வேகத்தில் வைத்திருக்கிறேன். பக்கெட் 35 நொடி. பழையதைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. தொட்டித் தண்ணீர் மணிக்கு ஐந்து முறை சம்ப் வழியாகச் சுற்றினால் எனக்குப் போதும். உள்ளே நீரோட்டம் உண்டாக்க வேவ்மேக்கர் தனியாக இருக்கிறது. ஆனால் வாட் மீட்டர் 27தான் காட்டுகிறது. இரண்டு மாத பில்லில் 55 யூனிட் மிச்சம். கரண்ட் போனால் வீட்டு இன்வர்ட்டரிலேயே ஓடுகிறது. அதுவும் தீர்ந்து நின்றுபோனால், கரண்ட் திரும்பி வந்ததும் பழைய வேகத்தை நினைவில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கிளம்புகிறது. தீனி போடும்போது ஒரு பட்டனை அழுத்தினால் 10 நிமிடம் நின்றுவிட்டுத் தானாக ஓடுகிறது.

குறையும் உண்டு. இதன் வாய் 32 மி.மீ. மெட்ரிக் அளவு. நம் ஒரு இஞ்ச் யுபிவிசியின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. இரண்டும் சேரவே சேராது. கூட வந்த ஹோஸ் முனைகளோ குறுகலானவை. கடைசியில் ஒரு சாண் சிலிக்கோன் ஹோஸ் போட்டு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கிளாம்ப் முடுக்கினேன். அதிர்வு குழாயில் ஏறாமல் போனது எதிர்பாராத லாபம். வேகத்தை மாற்றும் கன்ட்ரோலர் பெட்டியின் ஒயர் குட்டை; உப்பு ஈரம் படும் கேபினெட்டுக்குள்ளேயே அதை மாட்டு என்கிறது. ஒயரை நீட்டி வெளியே ஆணியில் தொங்கவிட்டேன்.

என் தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். டேங்க் நிப்பிளின் ரப்பர் வாஷரைத் தண்ணீர்ப் பக்கம் வைக்காமல் நட்டுப் பக்கம் வைத்துவிட்டேன். காலையில் கேபினெட் பலகையில் வெள்ளையாக ஒரு உப்புக் கோடு. அதோடு, பம்ப் நின்றால் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே சம்ப்புக்குப் பின்வாங்குவதை நிறுத்த, தொட்டியில் தண்ணீர் விடும் ரிட்டர்ன் முனையில் போட வேண்டிய துளையை நீர்மட்டத்திலிருந்து ரொம்பக் கீழே போட்டுவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தபோது சம்ப் விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் இருக்கையில்தான் தண்ணீர் ஏறுவது நின்றது. அம்மா பழைய வேட்டிகளோடு தயாராக நின்றார். பழைய துளையை அடைத்துவிட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே புதிதாக ஒன்று போட்டேன். மாதம் ஒருமுறை ஊசியால் குத்திவிட வேண்டும். பாசி அடைத்தால் துளை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பால் வால்வுதான் இன்னும் படுத்துகிறது. மயிரிழை திருப்பினால் வடிகுழாய் காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது, இன்னொரு மயிரிழைக்கு மட்டம் ஏறி, மிஞ்சும் தண்ணீருக்கென்று வைத்திருக்கும் அவசரக் குழாய் சலசலக்கிறது. பிளாஸ்டிக் கேட் வால்வு எங்காவது கண்ணில் பட்டால் மாற்றிவிடுவேன். பழைய லாரி இப்போது பால்கனி டிரம்மில் வாரம் ஒருமுறை உப்புக் கலக்குகிறது.