ஆடிட்வீல், டெலொகேட், டெல்வ்வீல்: மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன்

பைத்தான் பேக்கேஜை நிறுவத் தயாராகக் கட்டிய கோப்புக்கு வீல் என்று பெயர். அதற்குத் தேவையான வெளி லைப்ரரிகளை அதற்குள்ளேயே சேர்த்துத் தரும் கருவிகள்தான் இந்த மூன்றும்: லினக்ஸுக்கு ஆடிட்வீல், மேக்குக்கு டெலொகேட், விண்டோஸுக்கு டெல்வ்வீல். பைத்தானுக்காக சி++-இல் ஒரு மாட்யூல் எழுதினேன், டிஃப் (TIFF) படங்களைப் படிக்க உள்ளே லிப்டிஃப் என்ற லைப்ரரி வேண்டும். உபுண்டு 22.04-இல் கட்டி நண்பருக்கு அனுப்பினால் அவருடைய 20.04-இல் இம்போர்ட்டே ஆகவில்லை. லிப்டிஃப் வரைக்கும் போகவே இல்லை, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியிலேயே (glibc) நின்றுவிட்டது: என்னிடம் 2.35, அவரிடம் 2.31. பழையதில் கட்டியது புதியதில் ஓடும், தலைகீழாக நம்பவே முடியாது.

ஆடிட்வீல் இதை வெளியிடும் முன்பே சொல்லிவிடுகிறது, மூன்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். 'ஷோ' கொடுத்தால் வீல் எந்த மெனிலினக்ஸ் தரத்துக்கு (எவ்வளவு பழைய லினக்ஸ் வரை ஓடும் என்பதற்கான குறி) பொருந்தும், வெளியே எந்த லைப்ரரியைத் தேடுகிறது என்று காட்டும். 'ரிப்பேர்' கொடுத்தால் லிப்டிஃபை உள்ளே நகலெடுத்து, பெயரில் ஒரு ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீடு) சேர்த்து, பேட்ச்எல்ஃப் என்ற கருவி வழியாக ஆர்பாத்தையும் (லைப்ரரியை எங்கே தேடுவது என்று பைனரிக்குள் இருக்கும் பாதை) மாற்றிவிடும். அந்த ஹாஷ் இருப்பதால்தான் இன்னொரு பேக்கேஜ் தன் சொந்த லிப்டிஃபோடு வந்தாலும் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. ஆனால் ஜிலிப்சியை அது உள்ளே எடுக்காது. அதற்கு பழைய லினக்ஸைத் தனியாக ஓட்டித் தரும் மெனிலினக்ஸ் டாக்கர் இமேஜுக்குள்தான் கட்ட வேண்டும். மெனிலினக்ஸ்2014 என்றால் சென்ட்ஓஎஸ் 7, ஜிலிப்சி 2.17. இது தெரியாமல் லேப்டாப்பில் கட்டிய வீலையே ரிப்பேர் செய்யப் பார்த்து எனக்கு ஒரு நாள் போனது.

மேக்கில் டைலிப் (அங்கே லைப்ரரிக் கோப்பின் பெயர்) இருக்கும் முழுப் பாதையும் பெரும்பாலும் பைனரிக்குள் பதிந்துவிடும். ஹோம்ப்ரூ என்ற நிறுவல் கருவியில் நிறுவிய லிப்டிஃப் என்றால் ஹோம்ப்ரூ இல்லாத மேக்கில் அந்தப் பாதையே இருக்காது. டெலொகேட் நகலை உள்ளே வைத்துப் பாதையையும் திருத்துகிறது. திருத்தினால் பைனரியின் கையொப்பம் செல்லாமல் போகும், ஆப்பிள் சிப்பில் அது இல்லாமல் ஓடாது, அதனால் அதையும் மறுபடி போட்டுவிடுகிறது. எனக்கு வேலையே வைக்கவில்லை.

விண்டோஸில் ஆர்பாத் மாதிரி எதுவும் கிடையாது, எந்த டிஎல்எல் (விண்டோஸின் லைப்ரரிக் கோப்பு) காணவில்லை என்றுகூட பைத்தானின் பிழைச்செய்தி சொல்லாது. டெல்வ்வீல் டிஎல்எல்களை உள்ளே வைத்து, அந்த ஃபோல்டரைத் தேடச் சொல்லும் வரிகளை பேக்கேஜ் இம்போர்ட் ஆகும்போது முதலில் ஓடும் இனிட் கோப்பில் எழுதிவிடுகிறது. டிஎல்எல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சில சமயம் நாமே காட்ட வேண்டும்.

அப்புறம் ஒரு கவலை. நாளை லிப்டிஃபில் பாதுகாப்பு ஓட்டை வந்து உபுண்டு அதைச் சரிசெய்தாலும் என் வீலுக்குள் இருக்கும் நகல் பழையதாகவே இருக்கும், நான் மறுபடி கட்டி வெளியிடும் வரை. அதனால் ஒவ்வொரு வெளியீட்டிலும் உள்ளே எந்த வெர்ஷன் போனது என்று குறித்து வைக்கிறேன்.