காவேரிப்பட்டணம் தொகுதியைத் தேடி: விக்கிப்பீடியாவில் தேர்தல் கட்டுரைகள் எழுதிய அனுபவம்

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் நடுவில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2006இல் நடந்ததுதான் அந்தப் பெயரில் நடந்த கடைசிப் பொதுத்தேர்தல். தொகுதி எல்லைகளை மாற்றியமைத்த 2008 மறுவரையறையில் அது கலைந்துபோனது. என் அப்பா இன்றைக்கும் "நம்ம தொகுதி" என்றால் அதைத்தான் சொல்வார்.

2019 ஏப்ரலில் பாப்பிரெட்டிப்பட்டியிலும் அரூரிலும் ஓசூரிலும் இடைத்தேர்தல் நடந்தது. வீட்டில் பேச்சு பழைய தேர்தல்களுக்குப் போக, எங்கள் தொகுதியில் யார் யார் ஜெயித்தார்கள் என்று போனில் தேடினேன். தமிழ் விக்கிப்பீடியாவில் கிடைத்தது அரைகுறையான ஒரு அட்டவணை. அதில் 1971 தேர்தலில் ஒருவர் பெயருக்கு நேரே அதிமுக என்று இருந்தது. அந்தக் கட்சி தொடங்கியதே 1972 அக்டோபரில். எனக்கு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதும் வேலை. தப்பான எண்ணையோ தேதியையோ பார்த்தால் அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. மேலே 'தொகு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். அன்றிலிருந்து இந்த வேலை விடவில்லை.

இத்தனை ஆண்டில் நான் எழுதியதும் திருத்தியதும் பெரும்பாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பதினொரு சட்டமன்றத் தொகுதிகள், இரண்டு மக்களவைத் தொகுதிகள், கலைந்துபோன தொகுதிகள், இவற்றில் நின்றவர்கள் பற்றித்தான். யாராவது இதில் இறங்கலாமா என்று யோசித்தால் அவர்களுக்கு உதவட்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இது எழுத்து வேலை என்று நினைத்து வந்தேன். உண்மையில் இது சரிபார்க்கும் வேலை. ஒரு மாலையில் நான்கு வரி எழுதினால், அதற்கு முன் மூன்று மாலை அந்த நான்கு வரியை உறுதிசெய்வதில் போயிருக்கும்.

எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் ஆணையம் முதல் பொதுத்தேர்தலில் தொடங்கி ஒவ்வொரு தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வாக்குச்சாவடி வாரியாக வேண்டுமென்றால் படிவம் 20 இருக்கிறது. எண்கள் கிடைப்பதில் சிக்கல் இல்லை, எந்த எண்ணை எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல். மொத்த வாக்காளர், பதிவான வாக்கு, செல்லத்தக்க வாக்கு மூன்றும் வேறு வேறு. வாக்குப்பதிவு சதவீதத்துக்கு ஒரு கணக்கு, வேட்பாளர் பெற்ற சதவீதத்துக்கு இன்னொரு கணக்கு. 2001 சட்டமன்றத் தேர்தலில்தான் தமிழகம் முழுவதும் இயந்திரத்துக்கு மாறினோம். அதற்கு முந்தைய வாக்குச்சீட்டுத் தேர்தல்களில் செல்லாத வாக்குகள் நிறைய. அதைக் கவனிக்காமல் பதிவான மொத்த வாக்கால் வகுத்தால் எல்லாருடைய சதவீதமும் கொஞ்சம் கொஞ்சம் குறையும், கூட்டினால் நூறு வராது. கணக்குப்பிள்ளைக்கு அது உடனே கண்ணில் படும். நோட்டா 2013இல் வந்த பிறகு இன்னொரு குழப்பம். டெபாசிட் பார்க்கும்போது நோட்டாவைச் செல்லத்தக்க வாக்கில் சேர்க்கக் கூடாது. செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கு வராதவருக்கு டெபாசிட் போகும். 2010 மார்ச்சில் நடந்த பென்னாகரம் இடைத்தேர்தலில் திமுக வென்றது, பாமக இரண்டாவது வந்தது, அதிமுக டெபாசிட் இழந்தது. இதை எழுதும்போது நான் செல்லத்தக்க வாக்கை எடுத்து ஆறால் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் சேமித்தேன். செய்தித்தாள் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதும். ஆனாலும் நாமே வகுத்துப் பார்த்தால் மனதுக்கு நிம்மதி.

பழைய தேர்தல்களுக்குப் போகப் போக எண்ணைவிடப் பெயரும் காலமும்தான் வழுக்கும். 1957இல் திமுக முதன்முதலாகப் போட்டியிட்டபோது அதற்கு அங்கீகாரம் இல்லை. ஆணையத்தின் அறிக்கையில் அவர்கள் எல்லாரும் சுயேச்சை. அறிக்கையை அப்படியே பார்த்து எழுதினால் வரலாறு தவறும், அறிக்கையை விட்டுவிட்டு எழுதினால் சான்று இருக்காது. நான் அட்டவணையில் சுயேச்சை என்று போட்டு, கீழே குறிப்பில் விஷயத்தைச் சொல்லிவிடுவேன். அந்தக் காலத்து இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. வந்த புதிதில் அது தெரியாமல், ஒரு தொகுதியில் வாக்காளர் எண்ணிக்கையைவிட விழுந்த வாக்கு அதிகமாக இருக்கிறதே என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். 1989 வந்தால் அதிமுகவே இரண்டு அணி. சேவல் ஜெயலலிதா அணி, இரட்டைப் புறா ஜானகி அணி. இரண்டையும் ஒரே வரியில் அடைக்க முடியாது.

மாவட்டத்தின் பெயரும் அப்படித்தான். 1965 அக்டோபர் 2க்கு முன்னால் தருமபுரி மாவட்டமே கிடையாது, எல்லாம் சேலம். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9இல் வந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இன்றைக்கு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது, சரி. ஆனால் 1878இல் அவர் பிறந்தது சேலம் மாவட்டத்தில். இதை இரண்டு வரியில் விளக்கினால்தான் வாசிப்பவருக்குப் புரியும். தருமபுரி மக்களவைத் தொகுதியில் சேலம் மாவட்டத்து மேட்டூர் இருப்பதும் பலருக்குத் தெரியாது. மாவட்ட வரைபடத்தைத் தொகுதி வரைபடம் என்று போட்டிருந்ததை நானே ஒருமுறை மாற்றியிருக்கிறேன்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். ஆணைய அறிக்கைகளில் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். அதிலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது ந, ன, ண மூன்றில் எது, ல, ள, ழ மூன்றில் எது என்று ஊர்க்காரருக்குத்தான் தெரியும். தலைப்பெழுத்து இன்னும் மோசம். எங்கள் ஊர்ப் பெயரையே பட்டணம், பட்டினம், பட்டிணம் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். தருமபுரியா தர்மபுரியா, ஓசூரா ஒசூரா, வேப்பனஹள்ளியா வேப்பனப்பள்ளியா என்று கட்டுரையைப் பற்றித் தொகுப்பவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் நானும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பது தமிழ் விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகளாக நடக்கும் விவாதம். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. என் கருத்து, ஊர்ப்பலகையில் எப்படி இருக்கிறதோ அப்படித் தலைப்பு இருக்கட்டும், மற்ற வடிவங்களுக்கு வழிமாற்று போட்டுவிடலாம். தேடுகிறவர் வந்து சேர்ந்தால் போதும்.

நடுநிலை என்பதை நான் கற்றுக்கொண்டது பெரிய கொள்கை விவாதத்தில் இல்லை, அடைமொழியில். ஒருநாள் நான் எழுதியதை அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டு முகம் சுருங்கியது. "எம்.ஜி.ஆர் பேருக்கு முன்னாடி ஒண்ணுமே போடாம மொட்டையா எழுதியிருக்கியேப்பா" என்றார். எல்லாருக்கும் அப்படித்தான்ப்பா, கருணாநிதிக்கும் அப்படித்தான், ராமதாசுக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எல்லாருக்கும்னா சரி" என்றார். அந்த 'எல்லாருக்கும்' என்ற சொல்தான் இந்த வேலைக்கு ஆதாரம். அடைமொழி யாருக்கும் கிடையாது, 'ஆர்' விகுதி எல்லாருக்கும் உண்டு. பர்கூரில் 1991இல் வென்ற ஜெயலலிதா 1996இல் அதே தொகுதியில் திமுகவின் இ. ஜி. சுகவனத்திடம் தோற்றார். இந்த ஒரு வாக்கியத்தில் 'படுதோல்வி', 'மண்ணைக் கவ்வினார்', 'வரலாறு படைத்தார்' என்று எதை நுழைத்தாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தோற்றார் என்றால் தோற்றார். முதலமைச்சராக இருந்தவர் தோற்றார் என்ற உண்மைக்கே எடை இருக்கிறது.

வாக்கு எண்ணும் நாள்தான் ரொம்பக் கடினம். 2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை. கிருஷ்ணகிரி தொகுதியில் அதிமுகவின் கே. அசோக்குமாருக்கும் அப்போதைய உறுப்பினர் திமுகவின் டி. செங்குட்டுவனுக்கும் கடைசிவரை இழுபறி. முடிவு வரும் முன்பே அந்தப் பக்கத்தில் உறுப்பினர் பெயரை யாரோ மாற்றினார்கள். நான் பழையபடி மீளமைத்து, அதிகாரபூர்வ அறிவிப்பு வரட்டும் என்று பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். மறுபடி மாற்றினார்கள். மூன்றாவது முறை நான் கையை வைக்கவில்லை. ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டே இருந்தால் அது தொகுப்புச் சண்டை. அனுபவமுள்ள இன்னொரு பயனரிடம் சொன்னேன், அவர் பார்த்துக்கொண்டார். கடைசியில் அசோக்குமார் 794 வாக்கில் வென்றார். இவ்வளவு நெருக்கமான இடத்தில் ஒரு மணி நேரம் முந்திக்கொண்டு என்ன கிடைக்கப்போகிறது? எனக்கும் அந்த இரவு கை அரித்தது என்பது உண்மை. எனக்கும் கட்சிப் பிடிப்பு உண்டு, ஓட்டு உண்டு. அதை வாக்குச்சாவடியில் காட்டிவிட்டேன்.

வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கும் தயாராக இருக்க வேண்டும். நான் இதில் எழுதுகிறேன் என்று தெரிந்ததும் கட்சிக்காரர் ஒருவர் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "தம்பி, நம்ம ஒன்றியச் செயலாளர் பேர்ல ஒரு பக்கம் போட்டுக் குடுப்பா. போட்டோ நான் அனுப்புறேன்."

"சட்டமன்ற உறுப்பினரா இருந்தா போடலாம்ண்ணா. ஒன்றியப் பொறுப்புக்கு மட்டும் போட முடியாது. நாலு பத்திரிகை அவரைப் பத்தியே விரிவா எழுதியிருந்தா பார்க்கலாம்."

"அடுத்த தடவை சீட்டு அவருக்குத்தான்."

"ஜெயிக்கட்டும்ண்ணா, அன்னிக்கு ராத்திரியே நானே எழுதுறேன்."

அவருக்குக் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது. பிறகு சரியாகிவிட்டார். பணம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் நின்று பேசவே வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

என் பிழைகளையும் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஆங்கிலப் பக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு அப்படியே ஒட்டினேன். படித்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, பக்கத்தை நீக்கினார்கள். நீக்கியது சரிதான். பத்திரிகையில் வந்த படத்தை, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் பொதுவகத்தில் ஏற்றினேன், அதுவும் போனது. நாமே எடுத்த படமாக இருக்க வேண்டும், அல்லது உரியவர் முறையாக உரிமம் கொடுத்திருக்க வேண்டும். இன்னொரு முறை காவேரிப்பட்டணம் தொகுதியின் பழைய முடிவுகளை இப்போதைய கிருஷ்ணகிரி தொகுதிப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். கலைந்த தொகுதிக்குத் தனிப் பக்கம் இருக்க வேண்டும், முந்தைய மொரப்பூருக்கும் இன்றைய பாப்பிரெட்டிப்பட்டிக்கும் அப்படித்தான் என்று ஒருவர் பொறுமையாக விளக்கினார். அவர் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. இன்றுவரை பேச்சுப் பக்கத்தில் பேசிக்கொள்வோம்.

நேரக் கணக்கு கேட்டால், சாதாரண நாளில் இரவு அரை மணி. மே முதல் ஜூலைவரை பெங்களூரா மாங்காய் லோடு லோடாக எடை மேடைக்கு வரும் காலம், அப்போது ஒரு எழுத்தும் எழுத முடியாது. எங்கள் பக்கம் சட்டமன்றத் தேர்தல் முடிவும் மே மாதத்தில் வந்து அதோடு மோதும். போனில் பிழை திருத்தலாம், பத்தி எழுதலாம், ஆனால் வாக்கு அட்டவணை போடுவதற்கு எனக்கு மடிக்கணினி வேண்டியிருக்கிறது. செலவு ஒன்றும் இல்லை. வரவும் இல்லை. கட்டுரையின் அடியில் பெயர் வராது, 'வரலாறு' என்ற இடத்தைத் திறந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

புதிதாக வருகிறவர் எடுத்த எடுப்பில் கட்சித் தலைவர் பக்கத்தில் கை வைக்க வேண்டாம். முதலில் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் பழகுங்கள். அப்புறம் உங்கள் தொகுதிப் பக்கத்துக்குப் போய் ஒரே ஒரு எண்ணைச் சரிபார்த்துச் சான்று சேர்த்துவிடுங்கள். பக்கங்களில் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் ஐந்து பக்கம் போட்டு வைத்துக்கொண்டு பாருங்கள். வாதத்தில் ஜெயித்தே ஆக வேண்டும் என்ற குணம் இருந்தால் இந்த வேலை உங்களைத் தின்றுவிடும். பிழை கண்டால் உறுத்தும் குணம் இருந்தால் பிடித்துப்போகும்.

எங்கள் தொகுதி அட்டவணை ஏறத்தாழ நிரம்பிவிட்டது. 1970களில் நடந்த ஒரு தேர்தலில் இரண்டாவது வந்தவர் பெயர் மட்டும் பாக்கி. ஆங்கிலத்தில் இருப்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம். அப்பா ஒன்று சொல்கிறார், அவர் நண்பர் இன்னொன்று சொல்கிறார். நினைவு சான்றாகாது. ஆனால் அவர் அதற்கு முன் ஊராட்சி ஒன்றியப் பெருந்தலைவராக இருந்தபோது திறந்துவைத்த பள்ளிக் கட்டடம் ஒன்று பக்கத்துக் கிராமத்தில் இருப்பதாக இருவருமே சொன்னார்கள். போன வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கல்வெட்டு இருக்கிறது, தமிழில்தான் இருக்கிறது. வருடா வருடம் சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தெல்லாம் மூடியிருக்கிறது. பெயரின் பின்பாதி தெரிகிறது, முதலெழுத்து தெரியவில்லை. தலைமையாசிரியர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.