மெக்னீசியம் ராடுக்குப் பதிலாக டைட்டானியம் ஆனோடு: என் அனுபவம்

டேங்க் வைத்த வாட்டர் ஹீட்டர் பழுதுபார்ப்பது என் தொழில். ஒழுகிக்கொண்டு வருகிற டேங்கைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க அதற்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே உள்ளே வைக்கும் மெக்னீசியம் ராடு (ஆனோடு) முழுக்கக் கரைந்து, நடுவில் இருந்த இரும்புக் கம்பி மட்டும் துருவேறித் தொங்கும். ராடை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று பலருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2021 இறுதியில் சீனாவில் மின்சாரக் கட்டுப்பாட்டால் மெக்னீசியம் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தபோது ஐரோப்பியத் தொழிற்சாலைகளே தவித்தன. உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் அங்கேதான். மாற்று இருக்கிறதா என்று நான் தேட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

முதலில் அலுமினியம்-துத்தநாக ராடு. வேலை செய்கிறது. ஆனால் மெக்னீசியத்தின் மின்னழுத்தம் மைனஸ் 2.37 வோல்ட், இரும்பு மைனஸ் 0.44, இந்த இடைவெளிதான் ராடை இரும்புக்கு முந்திக் கரைய வைக்கிறது; அவ்வளவு பெரிய இடைவெளி அலுமினியத்துக்குக் கிடையாது. உப்பு குறைந்த தண்ணீரில் அது சோர்ந்துவிடுகிறது. சில டேங்குகளின் அடியில் வெள்ளைக் கூழாகப் படிவதையும் பார்த்தேன்.

டைட்டானியம் ஆனோடின் வழியே வேறு. மெக்னீசியம் தான் கரைந்து இரும்புக்கு எலக்ட்ரான் கொடுக்கிறது. இதில் அந்த எலக்ட்ரானைச் சுவரில் செருகிய சிறு அடாப்டர் கொடுக்கிறது, அதுவும் சில மில்லி ஆம்பியர்தான். உலோக ஆக்சைடு பூசிய ராடு கரைவதே இல்லை என்று சொல்லலாம். ஒரு வீட்டில் வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நாற்றத்தை உண்டாக்கும், தண்ணீரில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவுக்கு மெக்னீசியம் ராடு தோதாகிவிடும். அதை எடுத்துவிட்டு டைட்டானியம் ஆனோடை மாட்டிய பிறகு நாற்றம் நின்றுவிட்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

மாட்டும்போது கவனம் தேவை. ராடு டேங்கின் உலோகத்தைத் தொடக்கூடாது, இரண்டுக்கும் நடுவே வரும் பிளாஸ்டிக் வளையம் (புஷ்) சரியாக உட்கார வேண்டும். பாசிட்டிவ் ராடுக்கு, நெகட்டிவ் டேங்குக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்கே கரைய ஆரம்பித்துவிடும். தலைகீழாகச் செருக முடியாத கனெக்டர் உள்ளதையே வாங்குங்கள். வெறும் ஒயர் நீட்டிக்கொண்டு வருவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

குறை என்றால், கரண்ட் போனால் பாதுகாப்பும் போய்விடும். மணிக்கணக்கில் போனால் பரவாயில்லை. வெளியூர் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகும் வீடு, அடிக்கடி பூட்டியே கிடக்கும் விடுதி என்றால் மெக்னீசியமே போடுங்கள், தவறாமல் மாற்றுங்கள். விலையும் மெக்னீசியத்தை விட நன்றாகவே கூடுதல். ஆனால் ஒரு டேங்க் காலத்துக்கு ஒருமுறை வாங்கினால் போதும் என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை.

எந்நேரமும் கரண்ட் இருக்கும் இடத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அடாப்டரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று மட்டும் அவ்வப்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.