கே10டெம்ப்: மறைக்காமல் சொல்லும் டிரைவர்

ஏஎம்டி ரைசன் 7 1700எக்ஸ் போட்ட பழைய மெஷின் ஒன்றில் டெபியன் லினக்ஸ் ஓட்டுகிறேன். பெரும்பாலும் வீடியோ கன்வர்ட் செய்யும் வேலை, அதனால் சூட்டுக்குப் பஞ்சமில்லை. பிராசசரின் வெப்பத்தைச் சொல்லும் கே10டெம்ப் டிரைவரை எந்த அளவு நம்பலாம் என்று ஒரு கை பார்த்துவிட உட்கார்ந்தேன்.

டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலோடு வருகிறது, தானாகவே ஏறிக்கொள்கிறது. சென்சார் அளவுகளைக் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை மட்டும் போட்டுவிட்டு டெர்மினலில் ‘சென்சார்ஸ்’ என்று அடித்தால் டிசிடிஎல், டிடை என இரண்டு வரி வரும். மெஷின் சும்மா கிடக்கும்போதே முதல் வரியில் 58, அடுத்ததில் 38. புதிதாகப் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். சென்சார் ஒன்றுதான். ஃபேன் எல்லா மாடலிலும் ஒரே கணக்கில் சுற்றட்டும் என்று 1600எக்ஸ், 1700எக்ஸ், 1800எக்ஸ் மூன்றிலும் டிசிடிஎல் அளவில் ஏஎம்டியே 20 டிகிரி கூட்டி வைத்திருக்கிறது. 2700எக்ஸில் 10. டிரைவர் பிராசசரின் பெயரைப் பார்த்து, கூட்டியதைக் கழித்து உண்மையான சூட்டை டிடை என்று தருகிறது. கூட்டிய கணக்கையும் மறைக்காமல் பக்கத்திலேயே காட்டுகிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இரவெல்லாம் அணைந்திருந்த மெஷினைக் காலையில் போட்டதும் பார்த்தேன். அறையில் 30 டிகிரி, டிடை 35க்குப் பக்கம். அறையை விடக் குறைவாகக் காட்டியிருந்தால் கழித்தல் தப்பு என்று அங்கேயே தெரிந்திருக்கும். அப்புறம் பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜியை எல்லாக் கோரிலும் ஓடவிட்டேன். டிடை சட்டென்று 60ஐத் தாண்டி, பிறகு நிதானமாக ஏறி 71இல் நின்றது. நிறுத்தியதும் முதலில் மளமளவென்று இறக்கம், பிறகு ஹீட்சிங்க் ஆறுகிற வேகத்தில். நியாயமான போக்குதான்.

கெர்னல் சென்சார் அளவுகளை வைக்கும் ஹெச்டபிள்யூமான் ஃபோல்டரில் டிசிடிஎல் கோப்பை நேராகத் திறந்து பார்த்தால் 58125, 58250, 58375 என்று மில்லி டிகிரியில் வருகிறது. சிப் எட்டில் ஒரு டிகிரிப் படியில்தான் எண்ணைத் தருகிறது. டிரைவர் நடுவில் எதையும் பூசி மெழுகவில்லை. சென்சாரே கோளாறான சில பழைய ஏஎம்டி ஃபீனம் சிப்களில் டிரைவர் ஏறவே மறுக்கும், ‘ஃபோர்ஸ்’ என்ற ஆப்ஷனைக் கொடுத்தால்தான் வேலை செய்யும். பொய்யான எண்ணைக் காட்டுவதற்கு அது எவ்வளவோ மேல்.

குறை இல்லாமல் இல்லை. இன்டெல் பிராசசருக்கான கோர்டெம்ப் டிரைவர் ஒவ்வொரு கோரின் சூட்டையும் தனித்தனியாகச் சொல்லும். இதில் என் சிப்புக்கு மொத்தமாக ஒரே அளவுதான். ஃபேன் வேகமும் வராது, அதற்கு மதர்போர்டு சிப்புக்கான வேறு டிரைவர் வேண்டும். ஹெச்டபிள்யூமான் ஃபோல்டரின் எண் ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடும் என்பதால், ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் எண்ணை நம்பாமல், டிரைவரின் பெயர் இருக்கும் ‘நேம்’ கோப்பைப் படித்துத் தேடுவது நல்லது.

எனக்கு எரிச்சல் மூட்டியது டிரைவர் அல்ல, பேனலில் வைத்திருந்த விட்ஜெட். டிசிடிஎல்லை எடுத்துக்கொண்டு 91 என்று சிவப்பில் கத்தியது. செட்டிங்கில் டிடைக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. எக்ஸ் இல்லாத வெறும் 1700 வைத்திருப்பவர்களுக்கு இந்த 20 டிகிரி வம்பே கிடையாது. டிசிடிஎல்லையே அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.