'சென்ட்' என்று பச்சையில் காட்டும், மெயில் போயிருக்காது: ஏஎம்சி கட்டுகிறவர்கள் கவனிக்கவும்

திருப்பூரில் பனியன் துணிக்கு பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்கிறோம். பில் போட்டதும் எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் அதைப் பிடிஎஃப் ஆக்கி, ஒரு மெயில் ஏபிஐ (வெளியில் உள்ள ஒரு மெயில் சேவையோடு சாஃப்ட்வேர் பேசும் வழி) மூலம் பார்ட்டிக்கு, அதாவது வாடிக்கையாளருக்கு, அனுப்பிவிடும். அதைப் பராமரிக்க ஒரு கம்பெனிக்கு வருடத்துக்கு 18,000 ரூபாய் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்). மூன்று வருடம் கட்டினோம். எங்களுக்கு நடந்தது இன்னொரு யூனிட்டுக்கு நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் எங்கள் பெரிய பார்ட்டியின் அக்கவுண்ட்ஸ் ஆள் போன் செய்து, "மூணு மாசமா உங்க பில்லே வரலீங்களே" என்றார். எங்கள் ஸ்கிரீனில் ஒவ்வொரு பில்லுக்கு நேரேயும் பச்சையில் 'சென்ட்' என்று இருந்தது. 90 நாள் கிரெடிட் என்பதால் பணம் வராதது எங்களுக்கும் உறைக்கவில்லை. ஆனால் பில் போட்ட மாதத்து ஜிஎஸ்டியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கட்டிவிட்டோம். வராத பணத்துக்கு மூன்று மாத வரியைக் கைக்காசிலிருந்து கட்டுவது சின்ன யூனிட்டுக்கு எவ்வளவு பாரம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கம்பெனியைக் கூப்பிட்டேன். "பார்ட்டியோட ஸ்பேம்ல பாக்கச் சொல்லுங்கண்ணா" என்றார்கள். அதில் இல்லை. அப்புறம் "ஐபி பிளாக் ஆயிடுச்சு, மாத்தணும்" என்று, அதாவது மெயில் புறப்படும் சர்வரின் இணைய எண்ணையே மாற்ற வேண்டும் என்று, 12,000 வாங்கினார்கள். மெயில் போகவில்லை. அடுத்து "கூகுள் ரூல் மாறிடுச்சுங்கண்ணா, எஸ்பிஎஃப் போடணும்" என்று 6,500. எஸ்பிஎஃப் என்பது, நம் டொமைன் (மெயில் முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) சார்பில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவு. அதற்குப் பிறகு, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மற்ற பார்ட்டிகளின் மெயிலும் ஸ்பேமில் விழ ஆரம்பித்தது.

கூகுள் விதி மாறியது உண்மைதான். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மெயில் போலியில்லை எனக் காட்டும் மூன்று ஏற்பாடுகளும் கட்டாயம். நாங்கள் அனுப்புவது நாளுக்கு நாற்பது மெயில். எங்களைப் போன்றவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்று போதும். எங்கள் டொமைனில் எஸ்பிஎஃப் ஏற்கெனவே இருந்தது. இவர்கள் அதைப் பார்க்காமலேயே பக்கத்தில் இரண்டாவது எஸ்பிஎஃப் பதிவு ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் சோதனையே பிழையில் முடியும். 6,500 வாங்கிக்கொண்டு, இருந்ததையும் கெடுத்தார்கள்.

கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த பில்லிங் சாஃப்ட்வேரின் புரோகிராம் கோடைத் திறந்து பார்த்தான். கொஞ்ச நேரம் படித்துவிட்டு, "மாமா, நெட் கேபிளைப் பிடுங்குங்க" என்றான். பிடுங்கினேன். ஒரு டெஸ்ட் பில் போட்டான். பச்சையில் 'சென்ட்' வந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஏபிஐயைக் கூப்பிடுவதற்கு முன்பே டேட்டாபேஸில் 'சென்ட்' என்று எழுதிவிடுகிறது அந்தக் கோட். பிறகு பிழை வந்தால் அதைப் பிடிக்கிற கேட்ச் பகுதி காலி, ஒரு வரிகூட இல்லை. எந்தப் பிழை வந்தாலும் அது யாருக்கும் தெரியாமல் அங்கேயே முடிந்துபோகும். போதாததற்கு, ஐந்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் அதே மெயிலை மறுபடி அனுப்புகிறது. ஒரே பில் மூன்று முறை வருகிறது என்று ஒரு பார்ட்டி கோபப்பட்டதற்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் பெரிய பார்ட்டிக்குப் போகாததற்குக் காரணம் இது எதுவும் இல்லை. மெயில் சேவையின் அக்கவுண்டே அந்தக் கம்பெனியின் பெயரில் இருந்தது, அதன் லாக் (ஒவ்வொரு மெயிலுக்கும் என்ன ஆனது என்ற பதிவு) எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. பல தடவை சண்டை போட்ட பிறகு லாகை எடுத்து அனுப்பினார்கள். பார்ட்டி அவர்களுடைய மெயில் சர்வரை மாற்றிய நாளில், எங்கள் மெயில் ஒன்று 550 என்ற எண்ணோடு, 'அப்படி ஒரு முகவரி இல்லை' என்று திரும்பியிருக்கிறது. அப்படித் திரும்பிய முகவரியை மெயில் சேவை ஒரு தடைப்பட்டியலில் வைத்துவிடும், அதற்கு மேல் அனுப்பாது. ஆனால் ஏபிஐ எப்போதும்போல 202 என்றே பதில் சொல்லும். 202 என்றால் 'வாங்கிக்கொண்டேன்' என்றுதான் அர்த்தம், 'கொண்டுபோய்ச் சேர்த்தேன்' என்று இல்லை. பட்டியலிலிருந்து அந்த முகவரியை எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. இதற்கு என்னிடம் 18,500 ரூபாய் வாங்கியவர்கள் அந்த லாகை ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மெயில் டெலிவரி ஏஎம்சில வராதுங்கண்ணா" என்றார்கள். அப்படியானால் ஏஎம்சியைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று சொன்னேன். அன்று சாயங்காலமே ஏபிஐ கீயை, அதாவது எங்கள் சாஃப்ட்வேர் மெயில் சேவைக்குள் நுழையும் சாவியை, முடக்கிவிட்டார்கள். இரண்டு நாள் ஒரு பில்லும் போகவில்லை.

அதனால் ஏஎம்சி கட்டுகிறவர்கள் முதலில் மெயில் சேவை அக்கவுண்ட் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பெயரில் இல்லையென்றால் சண்டை வருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். அப்புறம் அந்தக் கேபிள் சோதனையைச் செய்து பாருங்கள். இப்போது எங்கள் கோடில், ஏபிஐ பதில் வந்த பிறகுதான் 'ஏற்கப்பட்டது' என்று எழுதுகிறது. சேர்ந்ததா, திரும்பியதா என்பதை மெயில் சேவையே வெப்ஹுக் (தானாக எங்கள் சாஃப்ட்வேருக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாடு) வழியாகச் சொல்கிறது. திரும்பிய மெயில் சிவப்பில் தெரியும்.

அந்தத் தடைப்பட்டியலில் எங்கள் பார்ட்டிகள் மொத்தம் பதினொரு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து விஷயத்தைச் சொல்லி, பழைய பில்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர்களில் இரண்டு பேர் அதற்குள் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.